கொம்புக்குப் பூசும் நீலம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓவியச் சாமான் கடை வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். லெப்பைக்குடிகாட்டுக்காரர். வளைகுடாவில் போர்டு எழுதும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தபோது டிராயிங் ஷீட், டிரேசிங் பேப்பர், மை எல்லாம் அவரிடம்தான் வாங்கினேன். மை கொட்டி வரைபடம் கெட்டு, அழாத குறையாக நான் நிற்கும்போது கடையின் உள்மேஜையை ஒழித்துக் கொடுப்பார். "கையில பெலத்தக் காட்டாத புள்ள. பேனா தானா போவும்" என்பார்.

டியூப் லைட்டை நம்பிக் கலர் விற்கமாட்டார். எதைக் கேட்டாலும் டப்பாவை வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு துளியை அட்டையில் தடவி வெயிலில் காட்டிய பிறகுதான் தருவார்.

அரியலூரில் ஒரு பொறியாளர் ஆபீசில் வேலை கிடைத்துத் தினமும் பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய பிறகும், சாயங்காலம் இறங்கியதும் கடைக்குத்தான் போவேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கோடு இழுத்துக் கண்ணும் முதுகும் ஓய்ந்திருக்கும். பேசத் தோன்றாது. அவரும் பேசச் சொல்லமாட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் வாசலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். டப்பாவின் மூடியைத் தடவிப் பார்த்து எடுத்தார். கேட்டதற்குக் கால்வலி என்றார். பல வருடச் சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. திருச்சிக்குப் போய்க் காட்டலாம் என்றேன்.

"பொங்கல் முடியட்டும்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைக்கு வருடத்தின் பெரிய வியாபாரம் மாட்டுக் கொம்புக்குப் பூசும் பெயின்ட். பெரிய டின்னிலிருந்து சின்ன டப்பாக்களில் ஊற்றி, ஜோடி ஜோடியாகத் தாளில் சுற்றி அடுக்கி வைப்பார். எங்கள் பக்கத்தில் பலர் தங்கள் கட்சிக் கொடியின் நிறத்தைத்தான் கொம்புக்குப் பூசுவார்கள்.

காணும் பொங்கலன்று எனக்கு லீவு. கடையில் இருந்தேன். செந்துறைப் பக்கத்து விவசாயி ஒருவர் வேகமாக ஏறி வந்தார்.

"என்னா பாய், நீலம் கேட்டா பச்சையக் கட்டிக் குடுத்துட்டீங்க? எம் பொண்டாட்டி கலர் இருந்தா சரின்னு பூசிப்புட்டா. தெருவே கேக்குது, எப்ப மாமா கட்சி மாறுனீங்கன்னு."

"மாட்டுக்குப் புத்தி வந்துருச்சு. நீங்கதான் இன்னும் பழைய கட்சியிலயே கெடக்குறீங்க."

விவசாயி சிரித்துவிட்டார். "அடுத்த வருசமும் இப்படிக் குடுத்தீங்க, மாட்டக் கொண்டாந்து கடையிலயே கட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, நீலமும் பச்சையும் என்று கட்டி வைத்திருந்த, விற்காத பொட்டலம் ஒன்றைப் பாய் பிரித்தார். இரண்டு டப்பாக்களையும் திறந்து வாசலுக்குக் கொண்டுபோனார்.

"இதுல நீலம் எது புள்ள?"

"ரெண்டுமே பச்சைதான் பாய்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரோடும் அவர் மனைவியோடும் திருச்சிக்குப் போனேன். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். வரும்போது பஸ்ஸில், தினமும் சாயங்காலம் வந்து கலரை நான் பிரித்துத் தருகிறேன் என்று சொன்னேன்.

"ஒங் கண்ணு ஒன் ஆபீசுக்கே பத்தல. இதுல எனக்கு வேறயா? சும்மா இரு."

மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

கலர் டப்பாக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கி, வேறொரு கடைக்கு அனுப்பினோம். அதன்பின் காகிதமும் பென்சிலும் மட்டும் விற்றார். கலர் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்குக் கடைசி வரை பழகவில்லை. காலி அலமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டுத்தான் சொல்வார்.