உருவிய நூல்

தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில், நான் வேலை பார்க்கும் நூற்பாலையைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். முன்வரிசைப் பெண் எழுந்து, "மிஸ், மில்லு வேலைக்குப் போனா ஊர்ல மதிப்பாங்களா?" என்றாள். வகுப்பெங்கும் புதுச் சீருடையின் கஞ்சி வாசம்.

நான் பள்ளியில் படித்தபோது அதே வாசம் அடித்த ஜவுளிக்கடைக்குள் நினைவில் போய்விட்டேன். மில்லில் வேலை முடித்து, தலையெல்லாம் பஞ்சோடு அம்மா எனக்குச் சீருடைத் துணி எடுக்க வந்திருந்தாள். எனக்கோ அந்தப் பஞ்சு வெட்கமாக இருந்தது. கடைக்காரர் உட்கார்ந்தபடியே, "ஏளா, நல்ல துணிதான். எடுத்துட்டுப் போ" என்றார். அம்மா ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, முறுக்கு பத்தாது. ரெண்டு துவைப்புக்குத் தாங்காது."

அவர் எழுந்துபோய் வேறு துணி கொண்டுவந்தார். "இதைப் பாருங்கம்மா."

இதை வகுப்பில் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் தன் சீருடை ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டிருந்தாள்.