லொட்ஜுக்குள் போன வான்காரர்

மட்டக்களப்பு நகரிலுள்ள பிறீமேசன் என்ற இரகசியச் சகோதர சங்கத்தின் பழைய லொட்ஜின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, எங்கள் குடும்பத்திலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கியவன் என்ற மிடுக்கோடு போனேன். வாசலில் நின்ற வானுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த ஒருவர் தலையைத் தூக்கினார்.

“என்ன மனே, பயமில்லாம வந்திரிக்காய்? உள்ள தலை வெட்டுறாங்க எண்டு உங்கட ஊரில சொல்லல்லயா?”

“சொன்னவங்கதான். அப்ப நீங்க?”

“என்ட தலை அவங்களுக்குத் தேவையில்லயாம். அதான் வெளிய கிடக்கன்.”

அவர்தான் களுவாஞ்சிக்குடி நல்லரத்தினம். முதிய வழக்கறிஞர் சீனித்தம்பியை மாதாமாதம் கூட்டத்துக்கு ஏற்றி வந்து, முடியும்வரை வாசலில் காத்திருப்பவர். உள்ளே டொக்டர்மார், எஞ்சினியர்மார், பெரிய வியாபாரிகள். வான்காரர் ஒருவர் அங்கத்தவராக இருந்ததாக நான் எங்கும் காணவில்லை. ஆனால் அவருக்கு அந்த ஆசை இருந்தது.

“சண்டை நேரம் ஓட்டமாவடியால நான் வான் கொண்டுபோக ஏலாது. அங்கத்த முஸ்லிம் ஆக்களுக்கு எங்கட தமிழ்ப் பக்கம் வர ஏலாது. அப்பவும் உள்ள இவங்க ரெண்டு பக்கத்து ஆக்களும் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டவங்க மனே. கண்ணால பார்த்தனான். அந்த மேசையில எனக்கும் ஒரு கதிரை வேணும்.”

அவர் பெயரைச் சீனித்தம்பியே பிரேரித்தார். அங்கே வாக்களிப்பது பெட்டிக்குள் கோலிக்குண்டு போன்ற போளை போட்டுத்தான். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. ஒரு கறுப்பு விழுந்தாலே கதவு சாத்தியதுதான். போட்டது யார் என்று எவரும் கேட்கவும் கூடாது.

வாக்களிப்பு நாளன்று பின்னேரம் அடைமழை. கரண்டும் இல்லை. வானுக்குள் நல்லரத்தினம் புதுச்சேட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். ஓட்டமாவடி வியாபாரியும் லொட்ஜின் அங்கத்தவருமான பாறூக் வெளியே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“ஒரு கறுப்பு விழுந்திட்டு, நல்லரத்தினம்.”

இவர் பொத்தானை விட்டுவிட்டு வான் சாவியைக் கையில் எடுத்தார். “சரி ஹாஜியார். ஐயாவ வரச்சொல்லுங்க, ஏத்திட்டுப் போவம்.”

“பொறுங்க. ஒண்டே ஒண்டு எண்டா, கை பிழைச்சிரிக்கும் எண்டு திரும்பப் போடலாம். தலைவர் ஜிப்ரி போடச் சொல்லிட்டார். நானும் போய்ப் போடணும்.”

அவர் உள்ளே போகவும் சீனித்தம்பியின் குரல் வாசல்வரை கேட்டது:

“அந்த மெழுகுதிரியக் கிட்டக் கொண்டாங்கப்பா! எனக்கு ரெண்டு போளையும் ஒரே நிறமாத் தெரியிது!”

பிறகு கட்டடமே குலுங்கச் சிரித்தார்கள். கண்ணில் புரை விழுந்திருந்த அந்த மனிதரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்துக் கேட்டது கைதட்டல். எல்லாம் வெள்ளை.

சீனித்தம்பி தடியை ஊன்றி வாசலுக்கு வந்தார். “டேய், உள்ள வாடா! இன்னும் எவ்வளவு நேரம் உன்னப் பார்த்திட்டு நிக்கிற?”

“வாறன் ஐயா. நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறம், சொல்லிப்போட்டன்!”

சேர்ப்புச் சடங்கு அடுத்த மாதம்தான். ஆனால் அன்றைய சாப்பாட்டு மேசையிலேயே பாறூக்குக்குப் பக்கத்தில் அவருக்குக் கதிரை போட்டார்கள். மழையில் நனைந்த சேட்டோடு, நெஞ்சை நிமிர்த்திப் போய் உட்கார்ந்தார்.

நல்லரத்தினம் இப்போது அந்த லொட்ஜின் தலைவர். களுவாஞ்சிக்குடியில்தான் இருக்கிறார், வான் ஓட்டுகிறார்.