டீச்சரம்மாவுக்காக வாயைக் கட்டியவர்கள்

மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு முன்னேற்றமும் காட்டாததால், வாத்தியார் என் பதிவைப் பிரம்பாலேயே ரத்து செய்துவிட்டார். அப்படிப்பட்ட நான் சங்கீதத்தில் டாக்டர் பட்டம் வாங்கும் வழியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

அறுபதுகளில் கவுஞ்சியிலிருந்து கொடைக்கானலுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றும் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகும் காலி வண்டியில் ஒருநாள் ஒரு அம்மா ஏறினார். மதுரையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, பழனிக்கு நடந்து போகும் காவடிக் கோஷ்டிகளின் பாட்டை ஆராய்ச்சி செய்ய மலைக்கு வந்திருந்தார். கவுஞ்சிக் கோஷ்டியில் முன்பாட்டுப் பாடுகிறவர் என் மனைவியின் அண்ணன்தான். நேராக மச்சான் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். போகிற வழியில் வாய் சும்மா இருக்குமா?

"ஏற்கனவே டீச்சர்தான? இன்னும் என்ன படிப்பு டீச்சரம்மா?"

"அது பெரிய படிப்புண்ணே. முதல்ல தலைப்பைப் பதியணும். அப்புறம் எழுத்துப் பரீட்சை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு காட்டணும். வழிகாட்டி கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த ஆறு மாசம் ஓடும். கடைசில தலகாணி தண்டிக்கு எழுதிக் குடுத்து, நேர்ல கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்."

"அடேயப்பா! பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியச் சோதிக்கிற மாதிரியில்ல இருக்கு?"

"அதேதான். போன தடவை என் பிரேக் பிடிக்கலைண்ணே."

விஷயம் இதுதான். போன அரையாண்டில் கட்டுக் கட்டாகச் சுரக்குறிப்பு எழுதிக் கொண்டுபோயிருக்கிறார். வழிகாட்டியான பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு. உனக்கு என்ன வந்திருக்கு? அடுத்த தடவை கோஷ்டியோட நின்னு பாடிக் காட்டு. இல்லைன்னா பதிவு ரத்து" என்று சொல்லிவிட்டார். பதிவு போனால் அதுவரை படித்ததெல்லாம் போச்சு.

அன்றிலிருந்து டீச்சரம்மா கவுஞ்சியே கதி என்று கிடந்தார். காவடிப் பாட்டு உட்கார்ந்து பாடும் பாட்டு இல்லை. மேட்டில் ஏறும்போது மூச்சு எங்கே நிற்குமோ அங்கே வரியும் நிற்கும். அதற்காக மச்சான் கோஷ்டியோடு படிவயல்களில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்கப் பாடிப் பழகினார். பூண்டுக்காட்டுப் பெண்கள் அவருக்குக் கம்பளி கொடுத்தார்கள், கேழ்வரகுக் களி கொடுத்தார்கள். "எங்க டீச்சரம்மா" என்று ஊரே சொந்தம் கொண்டாடியது. நானும் கூடப் பாடிப் பார்த்தேன். "மச்சான், நீங்க ஹாரன் மட்டும் அடிங்க" என்றார் மச்சான்.

மே மாதம் வந்தது. பேராசிரியர் கோடைக்குக் கொடைக்கானல் வருவதால் அங்கேயே சோதித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று விடுமுறைக்கு மூடிக் கிடந்தது. அதன் ஹாலை டீச்சரம்மா கேட்டு வாங்கினார். கோஷ்டியை அழைத்துவருவது என் சோலி.

வெள்ளனே கவுஞ்சிக்குப் போய் ஹாரன் அடித்தேன். கோஷ்டி முழுக்கக் குளித்து, திருநீறு பூசி, காவடியும் உறுமியும் ஜால்ராவுமாக வரிசையில் நின்றது. எல்லார் வாயிலும் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

பழனியில் இது ஒரு நேர்த்திக்கடன். காரியம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாயைக் கட்டுவார்கள். மலையேறிச் சந்நிதியில் அவிழ்க்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"மச்சான், என்ன இது?" என்றேன். மச்சான் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"டீச்சரம்மா பாஸாகணும்னு வேண்டிக் கட்டிருக்காக தம்பி. சோதனை முடிஞ்சதும் அப்படியே பழனிக்கு எறங்கிப் போயி அவுப்பாக."

"அக்கா, பாடுறதுதான சோதனையே! வாயக் கட்டுனா எப்படிப் பாடுறது?"

"சோதனை அவுகளுக்குத்தான? இவுக எதுக்குப் பாடணும்? கூட நின்னாப் போதும்னுல்ல சொன்னாக!"

"இத எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்டச் சொன்னா கொடைக்கானல் பூராவும் தெரிஞ்சிருமே!"

"மச்சான், அவுத்துருங்க" என்று கெஞ்சினேன். மச்சான் பயந்துபோய் இரண்டு கையாலும் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அவுத்தா நேர்ச்சை முறிஞ்சு டீச்சரம்மா பெயிலாயிருவாக" என்றார் அக்கா. அவிழ்த்தாலும் பெயில், அவிழ்க்காவிட்டாலும் பெயில். இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்துத்தான் நான் மூன்றாம் வகுப்போடு ஓடி வந்தேன்.

வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டு போனேன். ஹால் வாசலில் நின்ற டீச்சரம்மா கோஷ்டியைப் பார்த்து வெளுத்துப்போனார். காரணத்தைச் சொன்னேன். கேட்டதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அழுகையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

பேராசிரியர் குரங்குக் குல்லாவும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். "எங்கேம்மா உன் பாட்டுக்காரங்க?"

"இவங்கதான் சார்."

"ஏன் இப்படிக் கட்டியிருக்காங்க?"

"நான் பாஸாகணும்னு வேண்டிக்கிட்டுப் பேசாம இருக்காங்க சார்."

குல்லாவுக்குள் அவர் முகம் ஏதேதோ செய்தது. சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. ஜன்னி என்று நினைத்தேன்.

"சரி. கோஷ்டியோட நின்னு பாடச் சொன்னேன். கோஷ்டி நிக்குது. நீ பாடு."

"ஹால்ல வராது சார். ஏத்தத்துல நடந்துதான் பாடணும்" என்றார் டீச்சரம்மா.

எல்லாரும் வெளியே வந்தோம். மூடுபனியில் பள்ளிக்கூடத்து மேட்டில் உறுமி முழங்கியது. மச்சான் தன் காவடியை எடுத்து டீச்சரம்மாவின் தோளில் வைத்தார். டீச்சரம்மா முன்பாட்டை எடுத்தார். மூச்சு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பின்பாட்டு வர வேண்டிய இடத்தில் மட்டும் யாரும் இல்லை. கோஷ்டி மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பேராசிரியரை விட்டால் அந்தக் கூட்டத்தில் அவிழ்ந்து கிடந்த ஒரே ஆண் வாய் என்னுடையதுதான்.

பாடினேன். முதல் கியரில் மேடேறும் என் ஜீப்பின் சத்தத்துக்கும் என் குரலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஜீப் நடுவில் நின்றுவிடும், நான் நிற்கவில்லை. டீச்சரம்மா ஒரு வரி பாடுவார், நான் அதைக் கொலை செய்வேன், அவர் அடுத்த வரியை உயிரோடு எடுப்பார். மேட்டு உச்சிவரை இப்படியே போனோம். பின்னால் பேராசிரியர் சால்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாளம் போட்டபடி ஏறி வந்தார். கோஷ்டிக்காரர்களின் தோள்கள் குலுங்கின. துணிக்குள் சிரிக்கிறார்கள்!

உச்சியில் பேராசிரியர் மூச்சு வாங்கி முடித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் குரலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு சுருதி விலகாமப் பாடியிருக்க. இதைவிட என்னம்மா முன்னேற்றம் வேணும்?"

அங்கேயே ஒரு பாறைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெரிய இடத்தில் என் பாட்டுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

டீச்சரம்மா காவடியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "நானும் பழனிக்கு வரேன்" என்று கோஷ்டிக்கு முன்னால் மலைப்பாதையில் இறங்கிவிட்டார். ஜீப்பைப் பூட்டிவிட்டு நானும் ஓடினேன். முன்பாட்டு டீச்சரம்மா, பின்பாட்டு நான். எதிரே மூட்டையோடு ஏறி வந்த மட்டக்குதிரைகள், நாங்கள் முழுதாகக் கடந்து போகும்வரை காதை மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றன.