காவேரி கலந்த ஆயில்

காட்டூர் அடைக்கலம் யாரையும் கடிந்து பேசாத மனிதர். ஸ்ரீரங்கத்துக்கு வரும் யாத்திரைக்காரர்களைத் தன் டீசல் வேனில் ஏற்றிக்கொண்டு, கும்பகோணம் பக்கத்து நவக்கிரகக் கோயில்களுக்குப் பதினோரு வருஷமாகப் போய் வருகிறார். வண்டியை எடுக்குமுன் ரங்கநாதரை நினைத்து ஒரு கும்பிடு. பிறகு ஆயில் கேஜ் கம்பியை உருவி, விரலில் தேய்த்து, மோந்து பார்ப்பார். மனுஷரை நம்புவார், ஆயிலை மட்டும் நம்ப மாட்டார்.

போன மாசம் பாலக்கரை மெக்கானிக் அமிர்தராஜ் ஆயில் மாற்றிக் கொடுத்தார். பத்தே நாளில் அது மை மாதிரி கருத்துவிட்டது. கூடவே என்ஜினில் ஒரு டக் டக்.

"டீசல் வண்டில ஆயில் கருக்கத்தாண்ணே செய்யும். உள்ள இருக்கிற கரியை அது கழுவுது. சத்தம்தான் எனக்குப் பிடிக்கலை. பேரிங் மாதிரி கேக்குது, திறந்து பாத்துரலாம்" என்றார் அமிர்தராஜ்.

அடைக்கலத்துக்கு உள்ளே ஒரு முள் தைத்தது. டிரம்மில் வாங்கின மட்ட ஆயிலை ஊற்றிவிட்டு, இப்போது என்ஜினைத் திறக்கவும் வழி பார்க்கிறானோ? பத்து வருஷப் பழக்கம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

ஓடின ஆயிலைச் சோதித்துச் சொல்கிற லேப் ஒன்று துவாக்குடிப் பக்கம் இருப்பதாக ஒரு லாரிக்காரர் சொல்லியிருந்தார். சாட்சி சொல்லப் போகிற ஆயிலைக் கண்ட பாட்டிலில் பிடிக்க அவருக்கு மனசு வரவில்லை. அம்மா மண்டபப் படித்துறையில் காவேரித் தீர்த்தம் பிடித்து வைத்திருந்த பாட்டிலைத் துளசிச் செடியில் கவிழ்த்து, அதிலேயே ஆயிலைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தாள் வந்தது. ஆயிலில் தண்ணீர் இருக்கிறதாம்.

நேரே பாலக்கரை. "தம்பி, தண்ணி கலந்த ஆயிலையா எனக்கு ஊத்துனீங்க?" குரல் உயரவில்லை, தாளை மட்டும் நீட்டினார்.

அமிர்தராஜ் தாளைப் புரட்டினார். "எதுலண்ணே பிடிச்சீங்க?"

"தீர்த்த பாட்டில்ல. சுத்தமா இருக்கணும்ல?"

"காவேரியையே கலந்து கொடுத்துட்டு என்னைத் திருடங்கிறீங்களேண்ணே. மாதா சத்தியமா அது சீல் வெச்ச டப்பா ஆயில்."

காய்ந்த புதுப் பாட்டிலில் மறுபடி பிடித்து லேபில் கொடுத்தார் அடைக்கலம். இந்தத் தடவை தண்ணீர் இல்லை. பேரிங் தேய்ந்தால் ஆயிலில் சேரும் இரும்பு, செம்பு, ஈயம் எதுவும் கூடுதல் இல்லை. அப்படியும் சந்தேகம் தணியவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது. தாளே சரி என்கிறது, இவன் எதற்குப் பேரிங் பேரிங் என்கிறான்?

லேபில் இருந்த சுபஸ்ரீ என்ற பெண்ணிடம், "அப்ப என்ஜின் நல்லாயிருக்குன்னு எழுதிக் கொடுங்கம்மா" என்றார்.

"அப்படி எழுத முடியாதுங்க ஐயா. ஆயில்ல மிதக்கிற நுண்ணிய பொடியைத்தான் மெஷின் பாக்கும். பெருசா உதிர்ந்தது அதுக்குத் தெரியாது. மூணு நாலு தடவை கொடுத்தாத்தான் ஏறுதா இறங்குதான்னே சொல்லலாம்."

"ஆயில் ஒரிஜினல்தானா?"

"ஒப்பிட்டுப் பாக்க அதே டப்பாவோட புது ஆயில் வேணும். வெச்சிருக்கீங்களா?"

இல்லை. டப்பா என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருந்தது.

இரண்டு நாளில் பதினாறு பேர் யாத்திரை. வழியில் என்ஜின் இறுகி நின்றால் வயசானவர்கள் நடுரோட்டில். வேனைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது. என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றிப் பார்க்கச் சம்மதித்தார். ஆனால் தன் கண் முன்னால்.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அமிர்தராஜின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது உள்ளே போட்டுவிட்டு எடுத்துக் காட்டினால்?

அமிர்தராஜுக்குப் புரிந்தது. சட்டைக் கையைச் சுருட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "வித்தைக்காரன் மாதிரி கையை விரிச்சுக் காட்டிட்டேன். ஆரம்பிக்கலாமாண்ணே?"

சேம்பர் இறங்கியது. கறுப்பு வண்டலுக்கு நடுவே மீன் செதில் மாதிரி தகடு தகடாய்ச் சில துணுக்குகள் மினுங்கின. அடைக்கலம் தானே கையை விட்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். உலோகம்தான். மேலே என்ஜினுக்குள் கையை விட்டு அமிர்தராஜ் அசைத்தபோது பேரிங்கின் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது.

அடைக்கலம் யாத்திரைக்காரர்களுக்குப் போன் போட்டு, வேறு வண்டி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"இல்லண்ணே. நான் போய் பேரிங்கும் ஆயிலும் வாங்கிட்டு வந்துர்றேன்."

"இருங்க" என்று வாளியை விட்டு எழுந்து செருப்பை மாட்டினார் அடைக்கலம். "நானும் வரேன்."