திரும்பிப் பார்க்கக் கூடாத கடல்

காலை ஐந்தேகால் மணிக்கு மதுரை வில்லாபுரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கொழுந்தனார் வண்டியில் வந்து இறங்கினார். நான் ராமேஸ்வரம் புறப்படுவதை யார் அவர் காதில் போட்டார்களோ தெரியவில்லை.

“மதினி, சாம்பலக் கரைச்ச எடத்துக்கு யாராச்சும் ஊர் சுத்தப் போவாகளா?”

“நான் போறேன் தம்பி.”

“போறதுதான் போறீக, கடலத் திரும்பிப் பாத்துராதீக. அண்ணே பின்னாடியே வந்துருவாரு.”

போன வருடம் என் கணவரின் சாம்பலை அக்னி தீர்த்தத்தில் கரைத்தோம். ஐம்பத்து மூன்று வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதே பொய். முங்கி எழுந்ததும் இதே கொழுந்தனார் என் தோளைப் பிடித்துக் கரைப் பக்கம் திருப்பிவிட்டார். கரைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். “அடுத்த லீவுக்குக் கடலுக்குப் போவோம்” என்று இருபத்தாறு வருடம் சொன்ன மனுஷன், கடைசியில் ஒரு கலயத்துக்குள் அடங்கிக் கடலுக்கு வந்தார். அவருக்கும் சேர்த்து ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். இதில் யார் குடி முழுகிப்போகிறது?

ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ். முண்டியடித்து ஜன்னலோரம் பிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் திருப்புவனம் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டார்: “ராமேஸ்வரமா? யாருக்குத் திதி?”

“யாருக்கும் இல்ல. கடலு பாக்கப் போறேன்.”

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எனக்கு இது பழகிவிட்டது. கப்பலூரில் ஒரு கம்பெனியில் டப்பா அடுக்குவது என் வேலை. “காரியமாக்கா?” என்று கேட்டபடி லீவு எழுதப்போன சூப்பர்வைசர், ஊர் சுத்தத்தான் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். கையெழுத்துப் போடும்வரை நான் நகரவில்லை. மதுரைக்காரிக்கு ராமேஸ்வரம் போக ஒரு பிணம் வேண்டும் போலிருக்கிறது.

நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். ஒன்பது மணிக்கு முன்பே ராமநாதபுரத்தில் இறங்கி, அந்தப் பக்கம் கடலில் ஒரு பூங்கா இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்ததால் ஏர்வாடி பஸ் மாறினேன். வழியில் பதினேழு கிலோமீட்டரில் கீழக்கரை. அங்கே இறங்கி, பெரிய வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் சந்துகளில் ஒரு மணி நேரம் நடந்தேன். கடையில் ஒரு பாய் தொதல் வெட்டிக் கொடுத்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய இனிப்பு. விரலில் ஒட்டினால் லேசில் விடாது. “தனியாவா வந்தீங்க? நல்லது, சாப்பிடுங்க” என்றார். அன்று முழுவதும் நல்லது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பதினொன்றரைக்கு, ஏர்வாடி தாண்டி பிச்சைமூப்பன் வலசை. ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் இந்தக் கடலில்தான் இருக்கின்றன. பூங்கா என்றதும் நான் ராஜாஜி பூங்கா மாதிரி கேட்டும் பெஞ்சும் எதிர்பார்த்திருந்தேன். இங்கே எல்லாம் தண்ணீருக்கு அடியில். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறினேன், ஆளுக்கு இருநூறு ரூபாய். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

நான் அறிந்த பெரிய தண்ணீர் வண்டியூர் தெப்பக்குளம்தான். அதற்கு நாலு கரை உண்டு. இதற்கு எதிர்க்கரையைத் தேடித் தேடிக் கண் வலித்தது.

படகுக்காரர் இஞ்சினை நிறுத்தினார். கண்ணாடிக்குக் கீழே பவளப்பாறை, மூளையைப் போல மடிப்பு மடிப்பாக. நீலக் கோடு போட்ட மீன்கள் அதற்குள் புகுந்து புறப்பட்டன. அம்மாடி! என் வீட்டுக்காரர் இதைப் பார்த்திருந்தால் படகையே இரண்டாக்கியிருப்பார், அம்புட்டு சத்தம் போடுவார்.

“தண்ணிக்குள்ள கைய விட்டுத் தொடலாமாண்ணே?”

“தொடக் கூடாது தாயி.”

“ஏன் கூடாது? நானும் காலையில இருந்து கூடாது, கூடாதுன்னு கேட்டுக்கிட்டே வாரேன்.”

“கல்லு மாதிரித் தெரியும். ஆனா உசுரு. ஒரு எடத்துல ஒடைஞ்சா வளர வருசக்கணக்காகும். எங்க ஐயா காலத்துல வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்புனோம். மீனு போயிருச்சு. இப்ப நாங்களே காவல் காக்குறோம்.”

கையை மடியில் வைத்துக்கொண்டேன். காரணம் சொல்லித் தடுத்தால் கேட்டுக்கொள்வதற்கு எனக்கென்ன வலிக்கிறதா?

மாலையில் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம். விடுதியில், “கூட ஆம்பளைங்க வரலையா? காலையில காரியத்துக்கு ஐயருக்குச் சொல்லவா?” என்று கேட்டார்கள். “ஆம்பளையும் வேண்டாம், ஐயரும் வேண்டாம். கடல் பக்கமா ஜன்னல் இருந்தா குடுங்க” என்றேன். எழுநூறு ரூபாய்க்கு ஜன்னல் கிடைத்தது, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

மறுநாள் காலை ஆறு மணி, அக்னி தீர்த்தம். கரை நெடுகக் குடும்பங்கள், பிண்டம், எள், ஈர வேட்டிகள். முங்கி எழுந்தவர்கள் எல்லாம் குனிந்த தலையோடு கரையேறிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் சூரியன் மேலே வரும்வரை நின்றேன். பிறகு கரையேறிப் பத்தடி நடந்தேன்.

கால் நின்றது. என் தோளைப் பிடித்துத் திருப்ப இன்று யாரும் இல்லை. ஆனாலும் தோள் கூசியது. பின்னாடியே வந்துவிடுவாராமே? இருபத்தாறு வருடம் வருகிறேன், வருகிறேன் என்று வராத மனுஷன். வந்தால் வரட்டும்!

திரும்பினேன். ஆற அமரப் பார்த்தேன். அழுதேன், அதையும் ஒளிக்கவில்லை. ஈரக் கையோடு கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். “தம்பி, பாத்துட்டேன்” என்றேன். போனைப் பைக்குள் போட்டேன்.

எட்டு மணிக்கு மதுரை பஸ். பாம்பன் பாலத்தில் கடல் தெரியட்டும் என்று ஜன்னலோரம் காலியாக இருந்த இருக்கையாகப் பார்த்துப் பிடித்தேன். ஜன்னலோர சீட்டை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தேன். தங்கச்சிமடத்தில் மீன்கூடையோடு ஏறிய ஒரு பெண் என் அருகில் நின்று கேட்டாள்.

“அக்கா, ஜன்னலோரம் ஆள் வருதா?”

“வருது” என்றேன்.