தீவிலிருந்து யாரும் பாதியில் கிளம்ப முடியாது

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. அந்தமானில், ஹேவ்லாக் தீவின் கடற்கரையில் இருந்தோம். குடும்பத்தில் இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். மதினியைத் தவிர எல்லோரும் தண்ணீருக்குள். செல்போன்களை ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டி மணலில் வைத்திருந்தோம். மதினி அறிவுச்செல்வி அதற்குக் காவல். மூட்டைக்குள் ஏதோ ஒரு போன் அடித்தது. எது என்று தெரியாமல் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பதைக் கண்டு நான் தண்ணீரிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தேன். சரியான போன் கிடைத்ததும் எழுந்து நின்றார். கொஞ்சம் கேட்டார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பேசியது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஈஸ்வரன். என் அண்ணன் ராயப்பராஜ், விடியலில் பூப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். திண்டுக்கல்லுக்குக் காரில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

எங்களைத் தீவுக்கு அனுப்பியவரே அவர்தான்.

ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் அதைப் பார்த்தார். மல்லிகைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெயில் ஏறும் முன்பே அரும்பை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் செடியிலேயே விரிந்துவிடும், மார்க்கெட்டில் சீந்த மாட்டார்கள். அதனால் அண்ணன் வெளியூரில் இரவு தங்கியதே இல்லை. வேளாங்கண்ணிக்கு வேன் கிளம்பினால் வாசலில் நின்று வழியனுப்புவார். கொடைக்கானலுக்கு ஒரு முறை வந்து, ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிட்டார். கோயம்புத்தூரில் நடந்த என் கல்யாணத்தில், விருந்து முடிந்ததும் பட்டுச்சட்டையோடு பஸ் ஏறி வந்து, அதே சட்டையோடு தோட்டத்தில் இறங்கினாராம். மதினி அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார்.

தான் எங்கும் தங்காத மனிதருக்கு, தன் வீட்டில் யாரும் தங்குவதில்லை என்பது ஒரு குறை. நாங்கள் ஐந்து பேர் கூடப்பிறந்தவர்கள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகுட்டிகளோடு வருவோம். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் வாசலில் செருப்பைத் தேடத் தொடங்குவோம். ஒருவருக்கு ரயில், ஒருவருக்கு மறுநாள் ஆபீஸ், எனக்குக் கல்லூரி வேலை. அண்ணன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பொட்டலம் பூவைக் கொடுத்துவிட்டு, சாலை முனை வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன கிறிஸ்துமஸில் செருப்புச் சத்தம் கேட்டதும், தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, “எல்லாரும் ஒரு தீவுக்குப் போவோம்” என்றார்.

எங்கள் நடு அக்காவின் கணவர் ஸ்டான்லிக்கு அவரைச் சீண்டாமல் இருக்க முடியாது. “கொடைக்கானல்லயே ஒரு ராத்திரி தங்காத ஆளு. தீவுல போயி என்னத்த மச்சான் பறிப்பீக?”

“தீவுன்னா சுத்தித் தண்ணி மாப்ள. கை ஈரம் காயிறதுக்குள்ள வண்டிச் சாவிய எடுக்குறீகள்ல, அங்க எடுத்துட்டு எங்கிட்டுப் போவீக?”

எல்லோரும் சிரித்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ நாலு ராத்திரி. அம்புட்டுத்தான் கேக்குறேன்.”

அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. பிள்ளைகளின் லீவுக்காக மே மாதம் என்று முடிவானது. அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தோம். கடலில் இறங்க வேண்டுமே என்று அண்ணன் திண்டுக்கல்லுக்குப் போய் ஒரு அரைக்கால்சட்டை வாங்கி வந்தார். நீல நிறம், இடுப்பில் நாடா. அவரை லுங்கி, வேட்டி தவிர வேறு எதிலும் பார்த்திராத மதினி, அதை மாட்டிக்காட்டச் சொல்லிவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாராம். முதல் துவைப்பிலேயே நாடா உருவிக்கொண்டு வந்துவிட்டது. கோத்துத் தரட்டுமா என்று மதினி கேட்டதற்கு, போகும்போது தானே கோத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் போனில் என்னிடம் சொன்னபோதும் மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் மே மாதம் மல்லிகைக்கு நல்ல சீசன். அண்ணன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பங்குனியிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டார். செடி காய்ந்து கிடந்தால் அரும்பு கட்டாது. தீவுக்குப் போய்த் திரும்பிய பிறகு தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஈஸ்வரன் வரப்பில் நின்று கேலி செய்தார். சீசனில் செடியைப் பட்டினி போடுகிற முதல் தோட்டக்காரன் நீதான்யா என்றாராம்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது, இரண்டு நாள். காய்ந்து கிடந்த செடிக்கு அது போதும். எவ்வளவு வாடியதோ அவ்வளவு வேகத்தில் துளிர்த்தது. நாங்கள் புறப்பட வேண்டிய வாரத்தில் கொப்பு தெரியாமல் அரும்பு. எல்லாத் தோட்டத்திலும் அதே நிலை என்பதால் பறிக்க ஆள் கிடைக்கவில்லை.

தான் இருந்து பறிப்பதாக மதினி சொன்னார். அண்ணன் விடவில்லை. “நீ போகலைன்னா ஒருத்தரும் அங்க தங்க மாட்டாக. நீ போ. ஞாயித்துக்கிழமைப் பூவ எடுத்துட்டு நான் திங்கக்கிழமை பிளேன் ஏறிருவேன். அதுக்குள்ள ஈஸ்வரனுக்கு ஆளு ஒழிஞ்சிரும், மிச்ச நாளு பாத்துக்கிறேன்னு சொல்லிருக்காரு.”

வியாழக்கிழமை விடியலில் வேன் வந்தது. அண்ணன் மடியில் அரும்போடு தோட்டத்திலிருந்து நேரே வந்து, ஒவ்வொரு ஜன்னலாகப் பூக் கொடுத்தார். ஸ்டான்லி அத்தான் தலையை வெளியே நீட்டினார். “வாரவுக மூஞ்சியா மச்சான் இது?”

“போங்க மாப்ள, வாரேன்.”

வேன் வத்தலக்குண்டு சாலையில் ஏறியதும் பேச்சு அதுதான். வர மாட்டார் என்றார் அத்தான். அண்ணன் அந்தச் செடியை விட்டு எங்கே வரப்போகிறார் என்றாள் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மதினி மட்டும் அண்ணனுக்கென்று ஒரு துண்டும் சோப்பும் தன் பையில் எடுத்து வைத்திருந்தார்.

தீவில் சிக்னல் விட்டுவிட்டு வரும். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் பேசினார். பிள்ளைகள் போனைக் கடல் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். அவர் கடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம், “எல்லாரும் இருக்காகளா தாயி? ஒருத்தரும் கிளம்பலையே?” என்றார். எப்படிக் கிளம்புவது என்றேன். சந்தோஷமாகச் சிரித்தார். நாளை மறுநாள் வந்துவிடுவேன் என்றார். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்துபோனது. மறுபடி லைன் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் செய்தி வந்த பிறகு, ஈரத் துணியோடு எல்லோரும் அறைகளுக்கு ஓடிப் பெட்டிகளைக் கட்டினோம். ஸ்டான்லி அத்தான் படகுத்துறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மதியப் படகைப் பிடித்தாலும் போர்ட் பிளேரில் அன்றைக்கு விமானம் இல்லை, மறுநாள்தான். படகிலும் எல்லோருக்கும் இடம் கிடையாது. விடியலில் முதல் படகு. அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை. கட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அத்தான் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பசித்தது. விடுதிக்காரர்கள் சோறும் பருப்பும் பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்து ஓலைக் கொட்டகைக்குள் வைத்தார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை. மதினி எல்லோரையும் ஒரு முறை பார்த்தார்.

“எல்லாரும் இங்கனதான் இருக்கோம்னு அவுகட்டச் சொல்லணும்போல இருக்கு” என்றார்.

திங்கட்கிழமை இருட்டிய பிறகு ஊர் வந்து சேர்ந்தோம். குளிர்பெட்டிக்குள் அண்ணன் தலைமாட்டில் ஈஸ்வரன் ஒரு கை மல்லிகையை வைத்திருந்தார். அன்றைக்குப் பறித்தது. செவ்வாய்க்கிழமை கோயில் மணி அடிக்க, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். வெள்ளிக்கிழமை முதல் ஒவ்வொருவராக வாசலில் செருப்பைத் தேடினார்கள். பூப் பொட்டலம் கொடுக்க ஆளில்லை. சாலை முனை வரை பார்த்து நிற்க மதினி வந்தார்; நான் அவரோடு நின்றேன்.

நான் இன்னும் கிளம்பவில்லை. கல்லூரிக்கு லீவு சொல்லியிருக்கிறேன். ஈஸ்வரனின் ஆட்கள்தான் விடியலில் வந்து பறிக்கிறார்கள். பூ இன்னும் குறையவில்லை. அண்ணன் வந்திருப்பாரா மாட்டாரா என்று வேனில் நாங்கள் பேசிய பேச்சு என்னை விடவில்லை. இன்று காலை அதை ஈஸ்வரனிடமே கேட்டேன். அண்ணனைக் கட்டிலிலிருந்து தூக்கியபோது அவர் மடியில் கிடந்தது என்று, ஜன்னல் மேடையில் தான் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். அந்த நீல அரைக்கால்சட்டை. நாடா பாதி இடுப்பு வரை போயிருக்கிறது. அதன் முனையில் குத்திய ஊக்கு துணிக்குள்ளேயே இருக்கிறது.