எல்லோரும் பச்சை

பட்டாபிராமில் நான் மூன்றாம் வகுப்பு எடுக்கும் பள்ளியில், போன வருடம் நவீனக் கல்வி என் செல்போனுக்குள் குடியேறியது. போன் என்னுடையது, டேட்டா என்னுடையது, புரட்சி மட்டும் நிர்வாகத்தினுடையது.

அந்த ஆப்பில் நான் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டம்போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ, அதுதான் விடை. கேமராவைக் காட்டினால் சரியாகச் சொன்னவர்கள் பச்சை, மற்றவர்கள் சிவப்பு. வெறும் காகிதம் வளைந்து தொலைத்ததால், பங்குக் கோயிலில் மிஞ்சிய காலண்டர் அட்டைகளில் எல்லாவற்றையும் ஒரே வாக்கில் ஒட்டினோம். எல்லா அட்டைக்கும் பின்னால் ஒரே சம்மனசு, சிறகை விரித்த தேவதூதன்.

கொஞ்ச நாளில் வகுப்பு முழுக்கப் பச்சை. தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும்தான் தேறிவிட்டார்களே என்று சாயங்கால வாசிப்பு வகுப்பை நிறுத்திவிட்டார். அந்த வகுப்பில் ஒருத்தி அப்போதுதான் எழுத்துக்கூட்டவே ஆரம்பித்திருந்தாள். அவளும் பச்சையாம்.

முதல் பெஞ்சுக் கெட்டிக்காரி பூந்தமல்லிக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று குட்டு உடைந்தது. கேள்வி கேட்டேன், ஓர் அட்டையும் எழவில்லை. இத்தனை நாளும் அவள் அட்டைக்குப் பின்னால் சம்மனசின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்து, மொத்த வகுப்பும் தங்கள் சம்மனசையும் அதேபோல் திருப்பியிருக்கிறது. பரலோகத்திலிருந்து நேரடி உதவி.

ஆப்புக்கு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. தலைமையாசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன். கெட்டிக்காரி வந்ததும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள் என்றார். நான் விடாமல் நின்றதும், பெற்றோர் எழுதிக் கேட்டால் வாசிப்பு வகுப்பைப் பற்றி யோசிக்கலாம் என்று பெரிய மனது பண்ணினார்.

வாசிப்பு வகுப்பு வேண்டுமென்று எழுதித் தரச் சொல்லி, எழுத்துக்கூட்டும் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். பக்கத்து ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்ப்பவர். போனை நீட்டிக்கொண்டே வந்தார். ஆப் அனுப்பிய வாழ்த்துச் செய்தியை ஃபிளாட் அக்கா ஒருவர் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

"எம்பொண்ணு நல்லா படிக்குதுன்னு இதுலயே வந்துகீது. உங்களுக்கு மட்டும் இன்னா டீச்சர் அது மேல காண்டு?"

நான் வாதாடவில்லை. அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டு என்று கூட நின்ற மகளிடம் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் வாயையே பார்த்தாள்.

"நீ மொதல்ல சொல்லும்மா. நானும் அதே மாரி சொல்றேன்."

அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னா எழுதணுமோ நீங்களே எழுதுங்க டீச்சர். நான் கைநாட்டு வெச்சிட்றேன்."